மண்வெட்டிக்கும் சாதி உண்டு: பன்னாட்டுத் தன்னார்வ முகாம்களின் வரலாறும் நம் கேள்விகளும்

கடந்த மாதம் ஒரு மாலை, மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் படிப்பு மையத்துக்கு ஒரு மாணவி விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யும் இரண்டு வாரப் பன்னாட்டுத் தன்னார்வ முகாம் அது. 'வொர்க் கேம்ப்' என்பார்கள். பல நாட்டு இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக வேலை செய்வார்கள். தங்குமிடமும் சாப்பாடும் முகாம் நடத்துபவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட், விசா, காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் போகிறவர் பொறுப்பு. கூலி கிடையாது.

அந்த மாணவியின் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாராம்: "ஏன்டி, காசு கட்டி அவ்ளோ தூரம் போயி குப்ப வாரப் போறியா? இங்க நான் வார்றது பத்தலியா?"

மாணவி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை. தன்னார்வ முகாம்கள் பற்றி நாங்கள் படித்த எந்த நூலும் இவ்வளவு நேரடியாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கூலி இல்லாமல் உடலுழைப்பைக் கொடுப்பது ஒருவருக்குத் தொண்டு ஆகிறது, இன்னொருவருக்குத் தலையெழுத்து ஆகிறது. ஏன்? இந்த முகாம்கள் எங்கே தொடங்கின, நம் மண்ணுக்கு வந்தபோது என்ன ஆயின என்று பார்த்தால்தான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியும்.

எதிரிகள் சேர்ந்து கட்டிய குடிசைகள்

1916இல் பிரான்சின் வெர்டன் பகுதியில் நடந்த போரில் பல லட்சம் பேர் மாண்டார்கள், காயமடைந்தார்கள். கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அப்படி அழிந்த கிராமங்களில் ஒன்று எஸ்ன். போர் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, 1920 நவம்பரில் ஒரு சிறு குழு அங்கே போய் இறங்கியது. அதை அழைத்துப் போனவர் பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை அந்த மண்ணைக் குண்டு போட்டுக் கிழித்த நாட்டினர், இன்று அதே மண்ணில் குழிகளை மூடி, வீடிழந்தவர்களுக்கு மரக் குடிசை கட்டினார்கள். உலகின் முதல் பன்னாட்டுத் தன்னார்வ முகாம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஜெர்மானியர்கள் அங்கிருப்பதை எல்லோரும் விரும்பவில்லை. சில மாதங்களில் முகாம் முடிந்தது. ஆனால் அந்த யோசனை நிலைத்தது. 1928இல் லீக்டன்ஸ்டைன் என்ற சிறு நாட்டில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய சேற்றையும் கல்லையும் அகற்ற 700க்கும் மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். 1931இல் வேல்ஸ் பகுதியின் பிரின்மாவரில், சுரங்க வேலை இழந்த தொழிலாளர்களோடு சேர்ந்து ஊருக்குப் பூங்காவும் நீச்சல் குளமும் அமைத்தார்கள். இந்த இயக்கம்தான் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1948இல் யுனெஸ்கோவின் துணையோடு இத்தகைய அமைப்புகளுக்கு ஓர் ஒருங்கிணைப்புக் குழுவும் உருவானது.

செரசோல் யார் என்பதையும் தெரிந்துகொள்வோம். அவருடைய அப்பா பால் செரசோல் 1873இல் சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகனோ ராணுவத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்று மறுத்துத் திரும்பத் திரும்பச் சிறை போனவர். நாட்டுக்காக இளைஞர்கள் துப்பாக்கி தூக்குவது கட்டாயம் என்றால், அதற்குப் பதிலாக மண்வெட்டி தூக்கும் சேவை ஒன்று இருக்கட்டும் என்பது அவர் வாதம். உண்மையான மனிதர். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடியரசுத் தலைவரின் மகன் மண்வெட்டியைக் கையில் எடுத்தால் அது செய்தி ஆகிறது. அதற்குப் 'பணி', 'சேவை', 'அமைதி' என்று பெயர் கிடைக்கிறது. ஐரோப்பாவிலும் வர்க்கம் இருந்தது, இழிவும் இருந்தது. ஆனாலும் மண்வெட்டியைத் தொட்டவர் தீட்டு ஆகிவிடும் நிலைமை அங்கே இல்லை. முகாம் முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இந்த முகாம்களின் தத்துவம் முழுக்க அந்த மேசையின் மேல்தான் நிற்கிறது.

செங்கல்பட்டுச் சீமையின் மண்வெட்டி

இப்போது நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தைச் சுற்றிலும் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் என்று ஏரிகள். இன்று நமக்கு இவை பஸ் ஸ்டாப்பின் பெயர்கள். ஒரு காலத்தில் ஒன்றின் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலித் தொடர். இந்த ஏரிகளை யார் பராமரித்தார்கள்?

மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாய்ச்சியவர்களை நீர்க்கட்டி, கம்புகட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் அழைத்தார்கள். பெரும்பாலும் அவர்கள் சேரி மக்கள். மழை இரவில் கரை உடையாமல் காவல் காத்தவர்களும் அவர்கள்தான். நீரைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருந்தது. நீர் பாய்ந்த நிலம் அவர்களிடம் இல்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் முடியாது.

'வெட்டி' என்ற சொல்லை இன்று பயனற்றது என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். வெட்டிப் பேச்சு, வெட்டி ஆபீசர் என்கிறோம். அதன் பழைய பொருள் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. வெட்டியான் என்ற பெயரும் அங்கிருந்துதான். சாவுச் சேதி சொல்வது, பிணம் எரிப்பது, பறை அடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது என எதற்கும் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை கிடையாது.

குடிமராமத்து என்பதைக் கிராம ஒற்றுமையின் பொற்காலமாகப் பல சூழலியல் நண்பர்கள் வர்ணிக்கிறார்கள். ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரியதாம். 1858இல் மதராஸ் மாகாணத்துக்கென வந்த சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் வேலைக்கு இழுத்து வரப்பட வேண்டியவர்கள் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்கள் என்று அது வரையறுத்தது. அவசர வேலைக்குக் கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. நிலம் வைத்திருந்த மிராசுதார் கரையில் நின்று பார்த்தார். கூடையைத் தலையில் சுமந்தவர் வேறு ஆள்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹியர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை தந்தார். குடியிருக்கும் குடிசை மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்ததையும், தரிசு நிலம் கேட்டால் மிராசுதார்கள் குறுக்கே நின்றதையும், கடன் என்ற பெயரில் மனிதர்கள் பண்ணையில் கட்டுண்டு கிடந்ததையும் அது பதிவு செய்தது. அதையொட்டித்தான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதும், அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதும் நாம் அறிந்த வரலாறு.

தங்கள் உழைப்பைப் பரம்பரை பரம்பரையாகப் பறிகொடுத்த மக்கள் இருந்த மண்ணில்தான், உழைப்பைத் தானமாகக் கொடுங்கள் என்ற குரல் வந்து சேர்ந்தது. ஒன்றைத் தானம் கொடுக்க வேண்டுமானால் அது முதலில் நம்முடையதாக இருக்க வேண்டும் அல்லவா?

பீகார், 1934

1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது காந்தி தன் ஹரிஜன யாத்திரையில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்றார். இயற்கைச் சீற்றத்துக்கு இப்படி விளக்கம் தருவது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று தாகூர் வெளிப்படையாக மறுத்தார். நாம் கேட்க வேண்டியது இன்னும் எளிமையானது: தீண்டாமைக்கான தண்டனை என்றால், தீண்டப்படாதவர்களின் குடிசையும் ஏன் விழுந்தது?

1931இல் காந்தி சுவிட்சர்லாந்து போனபோதே செரசோல் அவரைச் சந்தித்திருந்தார். நிலநடுக்கச் செய்தி கேட்டு இந்தியாவுக்கு வந்தார். நிவாரணக் குழுவை நடத்திய ராஜேந்திர பிரசாத்தோடு பேசி, முசாபர்பூர் பகுதியில் வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு நிலத்தில் கிராமங்களைப் புதிதாகக் கட்டும் வேலையில் இறங்கினார். முதல் கிராமத்துக்கு சாந்திபூர் என்று பெயர். ஜோ வில்கின்சன், பால் ஷெங்கர், ஃப்ரேசர் ஹோய்லண்ட் ஆகியோரும் வந்து சேர்ந்தார்கள். 1937 வரை வேலை நடந்தது. ஐரோப்பியர்கள் ஆசியாவுக்கு வந்து நடத்திய முதல் பெரிய தன்னார்வப் பணி இது.

வெள்ளைக்காரர்கள் என்றால் ஆள்பவர்கள் என்று மட்டுமே அறிந்திருந்த காலத்தில், வெயிலில் நின்று மண் சுமந்த வெள்ளையர்களைப் பார்த்தது பீகார் கிராமங்களுக்குப் புதுமை. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே செரசோலோடு சேர்ந்து மண் சுமந்த உள்ளூர் மக்களின் பெயர் ஏதாவது நமக்குத் தெரியுமா? வந்தவர் மண் சுமந்தால் தியாகம், இருப்பவர் மண் சுமந்தால் வழக்கம். புதிதாகக் கட்டிய ஊரிலும் யார் தெரு எங்கே, யார் கிணறு எது என்பதை மண்வெட்டியால் முடிவு செய்ய முடியாது.

கப்பலிலிருந்து ஒரு கடிதம்

செரசோல் பீகாருக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முன்பே இந்தக் கேள்விக்கான பதிலை ஒருவர் எழுதி வைத்திருந்தார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு, காந்தியின் ஆதரவில் தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னாளில் இதுவே ஹரிஜன சேவக் சங்கம். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த புரட்சியாளர் அம்பேத்கர், நவம்பர் 14 அன்று சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமூகப்பணி படிக்கும் ஒவ்வொருவரும் முதல் பருவத்திலேயே படித்திருக்க வேண்டிய ஆவணம் அது. எங்கள் முதுகலை வகுப்பில் யாரும் அதன் பெயரைக்கூடச் சொன்னதில்லை என்பது வேறு கதை.

சேவையில் இரண்டு வழி உண்டு என்கிறார் அவர். ஒன்று, துன்பப்படுபவரின் குணத்தில்தான் குறை என்று நினைத்து, குடிக்காதே, சுத்தமாக இரு, படி என்று தனிமனிதரைத் திருத்தும் வழி. இரண்டாவது, அவரைச் சூழ்ந்திருக்கும் சமூகம்தான் குற்றவாளி என்று கண்டு அதை மாற்றும் வழி. அவர் கேட்டது இரண்டாவதை. ஊர்க் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொது வண்டி ஆகியவற்றில் சம உரிமையை நடைமுறைப்படுத்தப் போராடுங்கள் என்றார். மோதல் வரும் என்பதையும் மறைக்கவில்லை. மோதல் இல்லாமல் மாற்றம் வராது என்பதே அவர் கருத்து. சங்கத்தின் பணியாளர்கள் தாழ்த்தப்பட்டோரிலிருந்தே வர வேண்டும் என்றும் சொன்னார். அன்பு உள்ளவரால்தான் சேவை செய்ய முடியும் என்ற டால்ஸ்டாயின் எண்ணத்தைச் சுட்டி, அந்த அன்பு தம் மக்களிடையே இருந்து வருபவருக்கே இயல்பாக இருக்கும் என்றார்.

கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில்கூட வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். சங்கத்தை நடத்துவது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், எனவே அது அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது காந்தியின் நிலை. அதாவது சேவையின் பயன் முதலில் சேவை செய்பவரின் ஆன்மாவுக்கு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய தன்னார்வ முகாம்களின் படங்களைப் பாருங்கள். படத்தின் நடுவில் யார் நிற்கிறார், ஓரத்தில் யார் நிற்கிறார் என்பது புரியும்.

கனத்தொலுவ, 1958

நம் பக்கத்து நாட்டில் ஒரு முகாம் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தன் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். அது ரொடியா மக்களின் கிராமம். சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள் ரொடியாக்கள். சாதியே இல்லாத மதம் என்று சொல்லப்படும் பௌத்தம் கோலோச்சும் நாட்டில்தான் இந்த நிலை.

நகரத்து நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், கிணறும் கழிப்பறையும் தோண்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். பின்னாளில் அது இலங்கையின் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் தேடி வந்தார்கள். சிரமதானம் என்ற சொல்லே உலகத் தன்னார்வ அகராதியில் ஏறியது.

இங்கே நாங்கள் மதிப்பது கிணற்றை அல்ல, சாப்பாட்டை. சேர்ந்து உண்பது சாதியின் அடித்தளத்தைத் தொடுகிறது, அது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ரொடியா கிராமத்தில் புதுக் கிணறு தோண்டித் தருவது ஒன்று. பக்கத்து ஊர்க் கிணற்றில் ரொடியா பெண் குடத்தை இறக்குவது வேறொன்று. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடித்தபோது, தனிக் குளம் வெட்டிக் கொடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

என்.எஸ்.எஸ். முகாமில் நாங்கள் கற்றது

பன்னாட்டு முகாம் நம்மில் பலருக்கு எட்டாத தூரம். ஆனால் அதன் உள்ளூர் உறவினரை நாம் அனைவரும் அறிவோம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, மனதாரச் சேர்ந்தவர்களும் உண்டு.

நாங்கள் படித்த காலத்தில் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நடந்த முகாமுக்குப் போனோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சாப்பாடு ஊரிலிருந்து வந்தது. முதல் நாள் கோயில் வளாகம் சுத்தம் செய்தோம், அடுத்த நாள் ஊர்ச் சாலை ஓரம் முள் வெட்டினோம், பிறகு மரக்கன்று நட்டோம். ஆறாவது நாள்தான் எங்களைக் காலனிக்கு அழைத்துப் போனார்கள். சுகாதார விழிப்புணர்வு ஊர்வலமாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டு போனோம். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகிறது என்று ஒரு பாட்டி சொன்னார். எங்களிடம் அதற்குக் கோஷம் இல்லை.

அன்று இரவு, சாப்பாடு பரிமாற வந்த ஊர்க்காரர் எங்களில் ஒருவரிடம், "தம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தாம்பரம் என்று சொன்னதும், "அது சரி, தாம்பரத்துல எந்தப் பக்கம்?" என்றார். அந்தக் கேள்வியின் பொருள் நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகாம் அறிக்கையில் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை இருந்தது. இந்தக் கேள்வி இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு உலகம் முழுவதிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்தார்கள். அதே கடற்கரையில் நிவாரண முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டதையும், நிவாரணப் பொருட்கள் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களை எடுக்க வெவ்வேறு நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர்கள்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடையாறு தன் பழைய வழியைத் தேடி வந்தது. அந்த நாட்களில் சென்னை இளைஞர்கள் செய்த உதவி உண்மையானது. நாங்களும் படகில் போனோம், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினோம். ஊடகங்கள் பாராட்டின. தண்ணீர் வடிந்த பிறகு மலைபோல் குவிந்த குப்பையையும் சேற்றையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து லாரிகளில் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பலருக்குக் கையுறை இல்லை, படுக்க நல்ல இடம் இல்லை. 'சென்னையின் ஆன்மா' என்று அன்று புகழப்பட்டது பொட்டலம் கொடுத்த கையைத்தான். குப்பை அள்ளிய கையை அல்ல.

2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா தொடங்கியபோது தலைவர்கள் துடைப்பம் பிடித்து நின்றதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான், சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மலக்குழி மரணங்களில் தமிழ்நாடு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஒரு நாள் துடைப்பம் பிடிப்பவருக்குக் கைதட்டல், ஆயுள் முழுக்கப் பிடிப்பவருக்கு ஒப்பந்தக் கூலி.

அப்படியானால் போக வேண்டாமா?

இவ்வளவும் எழுதிவிட்டு, பன்னாட்டு முகாம்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்லப் போகிறோம் என நினைத்தால் தவறு. போங்கள். முடிந்தால் நிச்சயம் போங்கள்.

முதல் காரணம், அங்கே உள்ள வேலைப் பட்டியல். இம்முகாம்களில் சமையல், பாத்திரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் முறை வைத்து எல்லோருடைய பெயரையும் சுவரில் ஒட்டுவது வழக்கம். பேராசிரியர் மகளும் அன்று கழிப்பறை கழுவ வேண்டும். கழிப்பறை கழுவுவது ஒரு வேலை மட்டுமே, அது பிறப்பு அல்ல என்பதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வருவது நூறு கருத்தரங்குக்குச் சமம். இரண்டாவது, கூலி வேலையைத் தன்னார்வலர் பறிக்கக் கூடாது என்ற விதி. இந்த இயக்கத்தின் பழைய கொள்கைகளில் ஒன்று அது. அதைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே கேட்க வேண்டும்: ஏரியைச் சுத்தம் செய்ய வார இறுதித் தன்னார்வலர் போதும் என்றால், அந்த வேலைக்கு நிரந்தரப் பணியிடம் ஏன் இல்லை? 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர்ப் பலகை மாறியதுபோல் பணி நிரந்தரமும் மாறியதா?

மூன்றாவது, நம் கதையை நாமே சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து இத்தகைய முகாம்களுக்குப் போகிறவர்களில் பலர், சாதி என்பது தாத்தா காலத்துக் கதை என்று சொல்லிவிட்டு வரக்கூடியவர்கள். பாஸ்போர்ட்டும் ஆங்கிலமும் விமானக் கட்டணமும் யாரிடம் எளிதாக இருக்கிறதோ அவர்கள்தான் போகிறார்கள். தென் நாடுகளிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ சில அமைப்புகள் தருகின்றன. கேட்பதில் வெட்கமில்லை. அது சலுகை அல்ல, நம் பங்கு.

நம் ஊருக்கு முகாம் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. எந்த வேலை தேவை என்று முடிவு செய்தது யார்? காலனி மக்களைக் கேட்டார்களா, ஊர்த் தலைவரை மட்டுமா? வருபவர்கள் எங்கே தங்குகிறார்கள், யார் கையால் சாப்பிடுகிறார்கள்? வேலை முடிந்த பிறகு அந்தக் கட்டடமும் கிணறும் யார் பெயரில் இருக்கும்? சேரிக் குழந்தைகளைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களுடைய அம்மாவிடம் கேட்டார்களா? இந்த ஐந்துக்கும் நேர்மையான பதில் சொல்லும் முகாமோடு நாம் தோளோடு தோள் நிற்கலாம்.

அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பொதுநலனுக்காக அரசு கட்டாயப் பணி கேட்கலாம், ஆனால் அதில் மதம், இனம், சாதி, வர்க்க வேறுபாடு கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்களைப் பொறுத்தவரை தன்னார்வத்தின் இலக்கணமும் இந்தப் பிரிவிலேயே இருக்கிறது. மறுக்க முடிகிறவர் கொடுத்தால்தான் அது தொண்டு. மறுக்க முடியாதவரிடம் எடுத்தால் அதற்குப் பெயர் வெட்டி.

அந்த மாணவி படிவத்தை நிரப்பிவிட்டார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் எழுதிக் கொண்டுவந்ததைக் காட்டினார். தன் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போவதையும், அவர் கேட்ட கேள்வியையும் அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எங்களைத் திருத்தச் சொன்னார். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம்.

தேர்வானால் விமான டிக்கெட்டுக்குப் பணம் திரட்ட வேண்டும். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. வரும் ஞாயிறு அவரையும் மையத்துக்கு அழைத்திருக்கிறோம். பதில் சொல்ல அல்ல, முதலில் அவர் சொல்வதைக் கேட்க.

ஜெய் பீம்.